முப்பது பவுண்ட் கடன்

1705ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் கோட்டைச் சிறைக்குள் ஒரு பாதிரியாரைக் கொண்டுவந்து அடைத்தார்கள். எப்வொர்த் என்ற ஊரின் ஆலயப் போதகர் சாமுவேல் வெஸ்லி. அவர் செய்த குற்றம், கடனைத் திருப்பிக் கட்டாதது. பாக்கி முப்பது பவுண்டுக்கும் குறைவு. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் ஆதரித்த தரப்பு தோற்றுப்போனது. அவர் பணம் தர வேண்டியிருந்ததோ ஜெயித்த தரப்பின் ஆளுக்கு. அப்புறம் கைதுக்குக் கேட்கவா வேண்டும்?

சிறைக்குள்ளும் அவர் சும்மா இருக்கவில்லை. காலையும் மாலையும் கைதிகளுக்கு ஜெபம் நடத்தினார், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்தார். வெளியே அவரது மாடுகளை இரவோடு இரவாக யாரோ குத்திப் போட்டார்கள். யார்க் பேராயர் ஜான் ஷார்ப் அவருக்குப் பண உதவி செய்தார். வீட்டில் எப்போதாவது ரொட்டிக்கே வழியில்லாமல் போனதுண்டா என்று பேராயர் பாதிரியாரின் மனைவி சுசன்னாவைக் கேட்டார். பட்டினி கிடந்ததில்லை என்றார் சுசன்னா. ஆனால் ரொட்டியைத் தேடிப்பிடிக்கும் கவலையும், தின்று முடித்த பிறகு அதற்குக் காசு கட்டும் கவலையும் சேர்ந்து வாயில் வைத்ததை ரசிக்க விடுவதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். கடனில் இருக்கும் எந்த வீட்டுக்கும் இது புரியும்.

அப்போது இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தவர்தான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. அப்பா சிறைக்குப் போனது அந்த வயதில் நினைவில் நின்றிருக்காது. ஆனால் கடன் வீட்டை விட்டுப் போகவே இல்லை, அதைப் பார்த்தேதான் வளர்ந்தார். 1746இல் லண்டனில், பழைய பீரங்கி வார்ப்புச்சாலை ஒன்றை ஆலயமாக மாற்றியிருந்த இடத்தில், ஏழைகளுக்கான கடன் நிதி ஒன்றை அவர் தொடங்கினார். திரண்ட தொகை 30 பவுண்ட் 16 ஷில்லிங். ஏறக்குறைய அப்பாவைச் சிறைக்கு அனுப்பிய தொகை.

விதி எளிமையானது. ஒருவருக்கு ஒரு தடவைக்கு 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்ட் மட்டும். வாராவாரம் கொஞ்சமாகக் கட்டி மூன்று மாதத்துக்குள் அடைக்க வேண்டும். வட்டி இல்லை. திரும்பி வந்த காசு உடனே அடுத்தவர் கைக்குப் போனது. இப்படிச் சுற்றிச் சுற்றி ஒன்றரை ஆண்டில் 255 பேருக்கு உதவ முடிந்தது என்று வெஸ்லி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிரசங்கிக்குக் கணக்கும் தெரிந்திருந்தது.

பின்னர் வரம்பு கூடியது. 1775 வாக்கில் அந்த நிதியிலிருந்து ஐந்து பவுண்ட் வாங்கியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் லாக்கிங்டன். செருப்புத் தைப்பவர், பழைய புத்தகமும் விற்றுப் பார்த்தார். அந்த ஐந்து பவுண்டில் வியாபாரம் பிடித்துக்கொண்டது. 1780இல் ஒரு முடிவெடுத்தார்: இனி யாருக்கும் கடனுக்குப் புத்தகம் கிடையாது, ரொக்கம் மட்டும். அதனால் விலையைக் குறைக்க முடிந்தது, கூட்டம் கூடியது. ஃபின்ஸ்பரி சதுக்கத்தில் அவர் திறந்த புத்தகக்கடை எவ்வளவு பெரிதென்றால், திறப்பின்போது நான்கு குதிரை பூட்டிய வண்டியைக் கடைக்குள்ளேயே ஓட்டிக் காட்டினார்கள். வசதி வந்ததும் தன் சுயசரிதையில் மெதடிஸ்ட்களைக் கிண்டலடித்தார். 1804இல் இன்னொரு புத்தகம் எழுதி அதற்கு வருந்தினார், பின்பு ஆலயங்களும் கட்டிக்கொடுத்தார். உதவி பெற்றவர் நன்றியோடுதான் இருக்க வேண்டும் என்று அந்த நிதி நிபந்தனை போடவில்லை என்பதையும் இங்கே கவனிக்கலாம்.

கடன் விஷயத்தில் வேதாகமம் ஆச்சரியப்படும் அளவுக்கு வெளிப்படையானது. கணவனை இழந்த ஒரு பெண் எலிசா தீர்க்கதரிசியிடம் ஓடி வருகிறாள். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கக் கூட்டிப்போக வந்திருக்கிறான். எலிசா அவளிடம் கேட்பது வீட்டில் என்ன இருக்கிறது என்று. ஒரு குடம் எண்ணெய் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி வரச் சொல்கிறார். அற்புதம் அதற்குப் பிறகுதான். அது முடிந்ததும், எண்ணெயை விற்றுக் கடனைக் கட்டு, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்கிறார். அற்புதத்துக்கு முன்னாலும் கணக்கு, பின்னாலும் கணக்கு. இடையில் ஊரார் வீட்டு வாசல்கள். காணிக்கையை விதையாக விதைத்தால் கடன் தானாகத் தீரும் என்று சொல்கிற போதகர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது பாத்திரம் தேடிப் போன பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

நெகேமியாவின் கதை இன்னும் சங்கடமானது. பஞ்சத்திலும் ராஜாவுக்குக் கட்ட வேண்டிய வரியிலும் நிலத்தை, திராட்சைத் தோட்டத்தை, கடைசியில் பிள்ளைகளையே அடகு வைத்த மக்கள் எருசலேமில் கதறுகிறார்கள். நெகேமியா பணக்காரர்களைக் கூட்டிக் கண்டிக்கிறார். தானும் தன் ஆட்களுமே கடன் கொடுத்திருப்பதை அதே மூச்சில் ஒப்புக்கொள்கிறார்.

2013 ஜூலையில் இது லண்டனில் ஏறக்குறைய அப்படியே திரும்ப நடந்தது. சம்பளம் வரும் வரைக்கான குறுங்கடனை 5,000 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆண்டு வட்டியில் கொடுத்துவந்த வோங்கா நிறுவனத்தை, திருச்சபை ஆதரிக்கும் கடன் சங்கங்கள் மூலம் போட்டியிட்டே சந்தையிலிருந்து வெளியேற்றப்போவதாக கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அறிவித்தார். அவர் முன்பு எண்ணெய் நிறுவனத்தில் நிதி அதிகாரியாக இருந்தவர், விஷயம் தெரிந்தவர். அறிவிப்பின் சூடு ஆறும் முன்பே, இங்கிலாந்து திருச்சபையின் முதலீட்டில் சுமார் 75,000 பவுண்ட் வேறொரு நிதியின் வழியாக அதே வோங்காவில் இருப்பது தெரியவந்தது. வெல்பி தன் சங்கடத்தை மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு திருச்சபை அதிலிருந்து விலகியது. 2015 ஜனவரியில் அரசு வரம்பு வந்தது: நாளொன்றுக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் கூடாது. வட்டியும் கட்டணமும் எல்லாம் சேர்த்து அசலைத் தாண்டக்கூடாது. 2018 ஆகஸ்டில் வோங்கா கவிழ்ந்தது. கடன் சங்கங்களின் போட்டியைவிட இந்தச் சட்டத்துக்கும், குவிந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கும்தான் அதில் பங்கு அதிகம்.

சட்டம் வட்டியைக் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே கடனில் மூழ்கியவர் கதவைப் பூட்டிக்கொண்டு, வரும் கடிதங்களைப் பிரிக்காமல் அலமாரிக்குள் தள்ளிக்கொண்டிருந்தால் சட்டம் என்ன செய்யும்? அந்தக் கதவைத் தட்டுவதற்காகத்தான் பிராட்ஃபோர்ட் நகரில் 1996இல் ஜான் கிர்க்பி என்பவர் ‘கிறிஸ்டியன்ஸ் அகெய்ன்ஸ்ட் பாவர்ட்டி’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அவரும் நிதித் துறையில் இருந்தவர்தான். உள்ளூர் சபையிலிருந்து பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே வருவார். கடிதங்களை எடுத்துக்கொடுத்தால் போதும். வரவு எவ்வளவு, வயிற்றுக்கும் வாடகைக்கும் எவ்வளவு என்று முதலில் எழுதுவார்கள். வாடகை, உள்ளாட்சி வரி, மின்கட்டணம் போன்ற பாக்கிகள் முன்னுக்கு வரும். கிரெடிட் கார்டுக்காரர் எவ்வளவு சத்தம் போட்டாலும் பின்னால்தான். கடன் கொடுத்த நிறுவனங்களோடு பேசுவதை அமைப்பு ஏற்றுக்கொள்ளும். கட்டணம் கிடையாது.

எந்தக் கடன் ஆலோசகர் வழியாகப் போனாலும் சட்டத்தில் சில கதவுகள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல், ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால் 60 நாள் அவகாசம் கிடைக்கிறது. பெரும்பாலான கடன்களுக்கு அந்த நாட்களில் வட்டி ஏறாது, வசூல்காரர் வர முடியாது. சொத்தும் வருமானமும் மிகக் குறைவானவர்களுக்குக் கடன் நிவாரண ஆணை உண்டு. பன்னிரண்டு மாதம் நிலைமை மாறாவிட்டால் அதில் சேர்த்த கடன் தள்ளுபடியாகும். 2024இல் இதற்கான 90 பவுண்ட் கட்டணத்தை நீக்கினார்கள், கடன் வரம்பையும் 50,000 பவுண்டாக உயர்த்தினார்கள். இப்படியொரு வழி இருப்பதே தெரியாமல் உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்த விளிம்பில் நிற்பவர்களுக்காக 1953இல் லண்டனின் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்திலிருந்து தொலைபேசி உதவியைத் தொடங்கியவர் சாட் வரா என்ற ஆங்கிலிக்கன் குரு. அதுதான் சமாரிட்டன்ஸ். அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சைக் கேட்டார்கள்; பலர் அதிலேயே மனம் ஆறி, அவரைப் பார்க்காமலே போனார்கள். அதைக் கண்டு, கேட்கும் வேலையைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார் வரா. மதம் பேசக்கூடாது என்பதும் அங்கே விதியானது. அந்த வழியில் கிளைத்த பிஃப்ரெண்டர்ஸ் உலக வலையமைப்பில், 1986 முதல் சென்னையில் இயங்கும் ‘சினேகா’வும் ஓர் உறுப்பினர்.

பிராட்ஃபோர்ட் அமைப்பு இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. அங்கே ஜெபிக்கலாமா என்று கேட்பார்கள். உதவிக்குக் கையேந்தி நிற்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்பது அதன் மீது வைக்கப்பட்ட விமர்சனம், அதில் நியாயம் உண்டு. எந்த மதத்தவரும், மதமே இல்லாதவரும் வரலாம், ஜெபம் வேண்டாமென்றாலும் உதவி குறையாது என்பது அமைப்பின் பதில். சிலர் ஜெபத்தை ஏற்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். கடிதங்களைப் பிரிப்பதும் கணக்கெழுதுவதும் இரு வீடுகளிலும் ஒரே மாதிரிதான் நடக்க வேண்டும். நடக்கிறதா என்பதைக் கடனில் இருப்பவரைவிட, ஜெபிக்கலாமா என்று கேட்கிறவர்தான் தனக்குள் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.