நுண்சேவைகளின் காவல்: அடையாளமும் உரிமையும்

ஒரு கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தத் தொடங்கிய காலத்திலேயே இரண்டு வினாக்கள் பிறந்துவிட்டன. வந்திருப்பவர் யார்? அவர் எதைச் செய்யலாம்? 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கொர்பட்டோ தலைமையில் உருவான காலப்பகிர்வு அமைப்பு, முதல் வினாவுக்குக் கடவுச்சொல்லை விடையாக வைத்தது. பயன்படுத்துவோர் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் இருந்தன. அவற்றைக் காக்கத் தனிச் சொல்லும் இருந்தது. எல்லாம் ஒரே பொறிக்குள் அடங்கியிருந்தமையால் வாயிலும் ஒன்றே, காவலும் ஒன்றே.

இன்றைய பின்புல அமைப்புகளில் அந்த ஒற்றை வாயில் இல்லை. ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் 2014 மார்ச்சில் எழுதிய கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட நுண்சேவை முறையில், ஒரு பெருநிரல் சிறு சிறு சேவைகளாகப் பிரிந்து நிற்கிறது. பெரிய மருத்துவமனை ஒன்றின் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நோயர் பதிவேடு ஒரு சேவை. ஆய்வக முடிவுகள் மற்றொன்று. மருந்தகம், கட்டணம், முன்பதிவு ஆகியவை தனித்தனிச் சேவைகள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு வேறு வேறு வழங்கிகளில் இயங்குகிறது. மருத்துவர் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால், பின்னால் நான்கைந்து சேவைகள் ஒன்றையொன்று அழைக்கின்றன. அவை அனைத்திடமும் அவர் தம் கடவுச்சொல்லைக் கொடுப்பாராயின், அவற்றுள் காவல் குன்றிய ஒரு சேவை போதும், முழு அமைப்பும் களவுபோக.

சீட்டு முறையின் தோற்றம்

இச்சிக்கலுக்கான விடை நுண்சேவைகளுக்கு முன்பே கண்டறியப்பட்டது. ரோஜர் நீடாமும் மைக்கேல் ஷ்ரோடரும் 1978இல் வெளியிட்ட நெறிமுறையை அடித்தளமாகக் கொண்டு, 1983இல் தொடங்கிய ஏதீனா திட்டத்தின்போது மாசச்சூசெட்ஸ் கழகத்தார் கெர்பரோஸ் என்னும் அமைப்பை உருவாக்கினர். பயனர் தம்மை ஒரே ஒரு நடுவரிடம் மெய்ப்பிக்கிறார். நடுவர் காலக்கெடு உள்ள சீட்டு ஒன்றை வழங்குகிறார். பிற சேவைகள் அச்சீட்டை நம்புகின்றன. கடவுச்சொல் பிணையத்தின் வழியே பயணம் செய்வதே இல்லை.

வலை உலகத்தில் இதே கருத்து வேறு வடிவம் பெற்றது. 2012 அக்டோபரில் ஓஆத் 2.0 நெறிமுறையும், 2014இல் ஓப்பன்ஐடி கனெக்ட்டும், 2015 மே மாதத்தில் ஆர்எஃப்சி 7519 என்ற இணையத் தர ஆவண எண்ணோடு ஜேசன் வலை டோக்கனும் வெளிவந்தன. டோக்கன் எனத் துறையினர் வழங்கும் அடையாள வில்லையே இன்று நுண்சேவைகளிடையே புழங்கும் நாணயம்.

இம்முறையில் கடவுச்சொல்லை அறியும் உரிமை அடையாளச் சேவை ஒன்றுக்கே உண்டு. அதுவும் சொல்லை உள்ளபடி சேமிப்பதில்லை. கடவுச்சொல் காப்புக்கான போட்டியில் 2015இல் வென்ற ஆர்கான்2 போன்ற, வேண்டுமென்றே மெதுவாக இயங்கும் ஒருவழிச் சார்பின் விளைவை மட்டுமே சேமிக்கிறது. தரவுத்தளம் களவுபோனாலும் சொற்களை மீட்டெடுக்கக் கள்வர் பெரும் பொருளும் காலமும் செலவிட வேண்டியிருக்கும்.

வில்லையின் உறுப்புகள்

வில்லை என்பது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகள் கொண்ட ஓர் எழுத்துச்சரம். முதற்பகுதி கையொப்ப முறையைக் கூறும். நடுப்பகுதியில் கூற்றுகள் அமைந்திருக்கும்: வழங்கியவர் யார், யாரைப் பற்றியது, எந்தச் சேவைக்கு உரியது, எப்போது காலாவதியாகும் என்பன அவை. மூன்றாம் பகுதி முதலிரண்டின் மீது இடப்பட்ட மின்கையொப்பம்.

முதலிரு பகுதிகளும் மறைக்கப்பட்டவை அல்ல. இணையத்தில் செல்லத்தக்க எழுத்துகளாக மாற்றப்பட்டவை மட்டுமே. கையில் கிடைத்த எவரும் அவற்றைப் படிக்கலாம். கையொப்பத்தின் பணி, மாற்றம் செய்யப்பட்டால் காட்டிக்கொடுப்பது. ஆகவே நோயின் பெயர், தொலைபேசி எண் போன்ற மறைபொருள்களை வில்லையில் எழுதுதல் தவறு.

கையொப்பமிட இருவழிகள் உள்ளன. எச்மேக் முறையில் இடுவோரும் சரிபார்ப்போரும் ஒரே மறைச்சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒரே நிரலாயின் இது போதும். இருபது சேவைகள் அம்மறைச்சொல்லை வைத்திருந்தாலோ, இருபதும் போலி வில்லை அச்சிடும் வல்லமையைப் பெற்றுவிடுகின்றன. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் கண்ட ஆர்எஸ்ஏ போன்ற இருதிறவி முறையில் அத்தொல்லை இல்லை. தனித்திறவி அடையாளச் சேவையிடம் மட்டும் இருக்கும். பொதுத்திறவி அனைவருக்கும் வழங்கப்படும். மருந்தகச் சேவை உடைபட்டாலும் கள்வரால் வில்லையைச் சரிபார்க்க முடியுமேயன்றிப் புதிதாக ஆக்க முடியாது. நுண்சேவைகளுக்கு இம்முறையே ஏற்றது.

சரிபார்ப்பிலும் விழிப்பு வேண்டும். பல நிரல்தொகுப்புகள், வில்லையின் முதற்பகுதி எந்த முறையைச் சொன்னதோ அதையே நம்பிச் சரிபார்த்தன என்பதை டிம் மெக்லீன் 2015இல் வெளிப்படுத்தினார். ‘கையொப்பம் ஏதுமில்லை’ என்று எழுதப்பட்ட வில்லையைச் சில தொகுப்புகள் ஏற்றுக்கொண்டன. வேறு சிலவற்றில், எல்லாருக்கும் தெரிந்த பொதுத்திறவியையே எச்மேக் மறைச்சொல்லாக்கிப் போலி வில்லை செய்ய இயன்றது. எந்த முறை ஏற்கத்தக்கது என்பதைச் சரிபார்ப்பவரே முடிவு செய்ய வேண்டும் என 2020இல் வந்த ஆர்எஃப்சி 8725 அறிவுறுத்துகிறது. கையொப்பத்துக்குப் பின் வழங்கியவர், உரிய சேவை, காலக்கெடு ஆகிய மூன்றையும் ஒத்துப்பார்த்தல் கட்டாயம். மருந்தகத்துக்கென வழங்கிய வில்லையைக் கட்டணச் சேவை ஏற்றல் ஆகாது.

வாழ்நாளும் மீட்பும்

பேருந்துச் சீட்டைப் போல, இவ்வில்லையும் வைத்திருப்பவர்க்கே உரியது. வழியில் எடுத்தவரும் பயணம் செய்யலாம். எனவே அது எப்போதும் மறைகுறியாக்கிய இணைப்பில்தான் செல்ல வேண்டும். நிகழ்வுக் குறிப்பேடுகளில் பதிவாகவும் கூடாது.

இதில் ஓர் இயல்பான முரண் உண்டு. சேவைகள் ஒவ்வொரு முறையும் அடையாளச் சேவையைக் கேட்காமல் தாமே வில்லையைச் சரிபார்ப்பதால் விரைவு கிடைக்கிறது. அதே காரணத்தால், பணியிலிருந்து நீக்கப்பட்டவரின் வில்லை காலக்கெடு முடியும்வரை செல்லுபடியாகிறது. ஆதலின் அணுகல் வில்லையின் வாழ்நாளைச் சில நிமிடங்களாகச் சுருக்கி, அதைப் புதுப்பித்துக்கொள்ள நீண்ட வாழ்நாள் உடைய இரண்டாம் வில்லையைத் தருவது வழக்கம். புதுப்பிப்பு வில்லை அடையாளச் சேவையின் பதிவேட்டில் இருப்பதால் அதை எந்நேரமும் நீக்கலாம். ஒவ்வொரு பயன்பாட்டிலும் பழையதை அழித்துப் புதியது வழங்கினால் மேலும் ஒரு நன்மை உண்டு: அழிந்த வில்லை மீண்டும் தலைகாட்டினால் களவு நேர்ந்தது எனக் கொண்டு அந்த வரிசை முழுவதையும் நீக்கிவிடலாம். 2023இல் தரப்படுத்தப்பட்ட டிபாப் முறையோ, வில்லையைப் பயனர் கருவியிலுள்ள திறவியோடு பிணைத்து, களவாடியவர்க்கு அது பயன்படாமல் செய்கிறது.

பொறுப்புவழி உரிமை

இதுவரை கூறியன யாவும் ‘யார்’ என்ற வினாவுக்கே விடை. ‘எதைச் செய்யலாம்’ என்பதற்கு, அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள், தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் 1992இல் தெளிவான வடிவம் கொடுத்தனர். உரிமைகளை ஆட்களுக்கு நேரே வழங்காமல் பொறுப்புகளுக்கு வழங்குக. ஆட்களைப் பொறுப்புகளில் அமர்த்துக என்பது அதன் சாரம். 2004இல் இது அமெரிக்கத் தரமாயிற்று. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், கணக்கர் எனப் பொறுப்புகளை வகுத்தால், நூறு செவிலியரின் உரிமையை ஒரே இடத்தில் திருத்தலாம். கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருபவரும் அதற்கு ஒப்புதல் அளிப்பவரும் ஒருவராயிருத்தல் கூடாது என்பது போன்ற கடமைப் பிரிவினையையும் விதியாக்கலாம்.

ஆயினும் பொறுப்பு மட்டும் போதாது. ‘இவர் மருத்துவர்’ என வில்லை கூறும்; ‘இந்நோயர் இவர் பார்வையில் உள்ளவர்’ என்பதை அது அறியாது. முகவரியின் இறுதியிலுள்ள 101 என்ற எண்ணை 102 என மாற்றி அனுப்பினால் அடுத்த நோயரின் பதிவேடு திறக்குமாயின், அங்கே கையொப்பமும் பொறுப்பும் சரியாயிருந்தும் காவல் தோற்றுவிட்டது. இடைமுகங்களின் குறைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு, 2019, 2023 ஆகிய இரு பட்டியல்களிலும் இக்குறைக்கே முதலிடம் தந்தது. எந்த நோயர் எந்த மருத்துவருக்குரியவர் என்ற உறவு பதிவேட்டுச் சேவையின் தரவுத்தளத்தில் மட்டுமே உள்ளது. ஆகையால் நுழைவாயிலில் நிற்கும் காவல் பருவெட்டாக வடிகட்டலாம். இறுதி முடிவைத் தரவுக்கு உரிய சேவையே எடுக்க வேண்டும்.

சேவைகள் தமக்குள் பேசும்போதும் இதே விதி பொருந்தும். பரந்த உரிமை கொண்ட ஒரு சேவை, குறுகிய உரிமை கொண்டவருக்காகச் செயல்படும்போது தன் உரிமையை அறியாமல் அவருக்கு இரவல் கொடுத்துவிடும் இடரை நார்ம் ஹார்டி 1988இலேயே சுட்டினார். உட்பிணையத்தில் இருப்பதாலேயே ஒன்றை நம்பலாகாது என 2020இல் வெளியான பூச்சிய நம்பிக்கைக் கட்டமைப்பு ஆவணம் வலியுறுத்துகிறது. ஒவ்வொரு சேவைக்கும் தனிச் சான்றிதழ் வழங்கி இருபுறமும் மெய்ப்பிக்கச் செய்வதும், அடுத்த சேவையை அழைக்கும்போது பயனரின் வில்லையைக் கொடுத்து அதனினும் குறுகிய வில்லையைப் பெற்றுச் செல்வதும் இதற்கான வழிகள்.

ஃபேஸ்புக் தந்த பாடம்

2018 செப்டம்பர் 28 அன்று ஃபேஸ்புக் நிறுவனம் ஒரு பெருங்களவை அறிவித்தது. தம் பக்கம் பிறர் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்று காட்டும் வசதியில் மூன்று பிழைகள் ஒன்றுகூடி, வில்லை ஒன்றை உருவாக்கின. அவ்வில்லையோ பார்ப்பவருக்கு உரியதாக அமையாமல், எவர் கண்ணால் பார்ப்பதாகக் காட்டப்பட்டதோ அவருடையதாக அமைந்தது. நிறுவனம் 9 கோடிப் பேரின் வில்லைகளை நீக்கியது. ஏறத்தாழ 3 கோடிப் பேரின் வில்லைகள் களவாடப்பட்டன எனப் பின்னர்த் தெரிவித்தது. அங்கே கடவுச்சொல் எதுவும் உடைக்கப்படவில்லை. கள்வர் கையில் இருந்தவை நிறுவனத்தின் அமைப்பே வழங்கிய மெய்யான வில்லைகள்.

வலை நெறிமுறையே இவ்விரு வினாக்களையும் இரு எண்களால் பிரித்து வைத்துள்ளது: 401 என்றால் ‘யாரெனத் தெரியவில்லை’, 403 என்றால் ‘தெரியும், ஆயினும் இசைவு இல்லை’. முதலாவதை ஆயத்த நிரல்தொகுப்புகள் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை அமைப்பை வகுப்பவரே எழுத வேண்டும். மருத்துவமனையின் நடைமுறையை எந்த நிரல்தொகுப்பும் முன்கூட்டி அறியாது. சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இல் வகுத்த நெறிகள் இன்றும் வழிகாட்டும்: வேலைக்குத் தேவையான அளவே உரிமை தருக, விதி ஏதும் இல்லையெனில் மறுத்துவிடுக, ஒவ்வொரு அணுகலையும் சோதிக்க.

நுண்சேவை அமைக்கப் புகும் இளைய நிரலர், உள்நுழைவு வெற்றி பெற்றதைக் கண்டதும் பணி முடிந்ததாகக் கருதவேண்டா. ஒவ்வொரு சேவைக்கும் ஒவ்வொரு பொறுப்புக்கும், கிடைக்கக்கூடாதது கிடைக்கவில்லை என்பதை உறுதிசெய்யும் மறுப்புச் சோதனைகளை எழுதுங்கள். உரிமையுடையவர் உள்ளே வர இயலாவிட்டால் உடனே முறையீடு வரும்; உரிமையற்றவர் உள்ளே வந்தால் ஒருவரும் வந்து சொல்லமாட்டார்.