இசபெல் வந்தாள்!

ஸ்பெயின் தேசத்துப் பெண் ஒருத்தி. பெயர் இசபெல். அவள் வீட்டுக்கு வந்தாள். இதை முதலில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பிறகு யூதர்களின் எபிரேய மொழியில் சொல்ல வேண்டும். "பெயர் எங்கே போனாலும் பெயர்தானே! இதில் என்ன கஷ்டம்?" என்று கேட்பீர்கள். கஷ்டம் இருக்கிறது. வேடிக்கையும் இருக்கிறது.

ஆணா, பெண்ணா?

ஆங்கிலத்தில் வேலை சுலபம். "இசபெல் கேம்" என்றால் முடிந்தது. வந்தது ஆணானாலும் பெண்ணானாலும் "கேம்" மாறாது.

எபிரேயத்தில் அப்படி இல்லை. ஆண் வந்தால் "பா". பெண் வந்தால் "பாஆ". நாம் வந்தான், வந்தாள் என்கிறோமே, அதைப் போல. நமக்காவது "வந்தார்" என்று தப்பிக்க வழி உண்டு. எபிரேயத்தில் அதுவும் இல்லை!

ரொஸாரியோ, கொன்சுவேலோ என்ற பெயர்களைப் பாருங்கள். "ஓ" என்று முடிவதால் ஆண் பெயர் போலத் தோன்றும். ஆனால் ஸ்பெயினில் இவை பெண்களுக்கு வைக்கும் பெயர்கள். எபிரேயத்தில் எழுதுகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாது.

"இசபெல்லைப் பார்த்தேன்" என்பதில் உள்ள "ஐ" உருபுக்கு ஆங்கிலத்தில் வேலை இல்லை. எபிரேயத்தில் பெயருக்கு முன்னால் "எத்" என்று ஒரு சொல் வரும். "இசபெல்லுக்கு" என்றால் "லெ" என்பது பெயரின் தலையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஐந்து எழுத்து ஆபத்து

இனிமேல்தான் பெரிய சிக்கல். எபிரேயப் பத்திரிகைகளில் பெரும்பாலும் உயிர் ஒலிக்குறிகளைப் போட மாட்டார்கள். இசபெல் என்பதை ஐந்து எழுத்தில் எழுதுவார்கள். அதே ஐந்து எழுத்தை "ஈஸெவெல்" என்றும் படிக்கலாம்.

யார் அந்த ஈஸெவெல்? தமிழ் வேதாகமத்தில் யேசபேல் என்று வருகிறாளே, அவளேதான்! ஆகாப் மன்னனின் மனைவி. திராட்சைத் தோட்டத்துக்காக நாபோத்தைக் கொல்ல வைத்தவள். கொடுமைக்காரி என்று பெயர் எடுத்தவள்.

நல்ல குடும்பத்துப் பெண்ணின் பெயர் இப்படியா ஆக வேண்டும்? ஆனால் பயம் வேண்டாம். புள்ளிகள் இட்டு உச்சரிப்பைக் காட்டலாம். இடம் பார்த்தும் படித்துக்கொள்வார்கள். சிலி நாட்டு எழுத்தாளர் இசபெல் அயெந்தேயின் நாவல்கள் எபிரேயத்தில் வந்திருக்கின்றன. அட்டையில் அந்தப் பெயரைக் கண்டு யாரும் யேசபேலை நினைப்பதில்லை.

பிறந்த வீடு

இன்னொரு அதிசயம் கேளுங்கள். இசபெல் என்ற பெயர் எபிரேயத்தில் பிறந்ததுதான்! ஆரோனின் மனைவி பெயர் எலிஷேவா. தமிழ் வேதாகமத்தில் எலிசபாள். "என் கடவுள் மேல் ஆணை" என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கிரேக்கத்தில் அது எலிசபெத் ஆயிற்று. ஸ்பெயினில் தலை தேய்ந்து இசபெல் ஆயிற்று. அதனால்தான் 2022-ல் காலமான இங்கிலாந்து ராணி எலிசபெத்தை ஸ்பெயின் பத்திரிகைகள் "இரண்டாம் இசபெல்" என்றே எழுதின.

ராணியின் கட்டளை

இந்தப் பெயரைப் புகழ்பெறச் செய்தவள் ஸ்பெயினின் முதலாம் இசபெல் ராணி. 1492 மார்ச் 31-ல் அவளும் கணவன் பெர்டினாண்டும் ஒரு கட்டளை போட்டார்கள். கிறிஸ்தவர்களாக மாறாத யூதர்கள் ஜூலை முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்! எபிரேயப் பெயரைச் சுமந்தவளே எபிரேயம் ஓதியவர்களைத் துரத்தினாள்.

வீடு வாசலை விட்டுப் போனவர்கள் ஸ்பெயின் மொழியை விடவில்லை. துருக்கியிலும் கிரீஸிலும் குடியேறி, அதை எபிரேய எழுத்தில் எழுதினார்கள். பிறந்த பெண் குழந்தைகளுக்கு லூனா, எஸ்த்ரெயா, கிராசியா என்று ஸ்பெயின் பெயர்களையே சூட்டினார்கள். லூனா என்றால் நிலா. எஸ்த்ரெயா என்றால் நட்சத்திரம்.

ராணி நாட்டைப் பறித்தாள். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பதை அவளால் தடுக்க முடியவில்லை.