உழவர் வாங்கும் டீசலில் கலப்படம்: கேள்வி கேட்க இடமில்லாத நுகர்வோர்

புது தில்லி: கோதுமை அறுவடைக் காலத்தில் பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் ஓர் அறுவடை இயந்திரம் ஒரு நாள் நின்றுபோனால் அந்த இழப்பு இயந்திர உரிமையாளரோடு முடிவதில்லை. முற்றிய கதிரோடு காத்திருக்கும் விவசாயிக்கு மழை பற்றிய அச்சம். கூலிக்கு வந்தவர்களுக்கு வேலையில்லாத நாள். இயந்திரம் நின்றதற்குக் காரணம் தேடும் மெக்கானிக் பெரும்பாலும் முதலில் கழற்றிப் பார்ப்பது டீசல் பில்டரைத்தான். அதில் தண்ணீர், துரு, கறுத்த பிசுபிசுப்பு இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் பழுதின் காரணம் தெரிந்துவிடும். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை சொல்ல ஆளிருக்காது.

நாட்டில் சில்லறையில் விற்கப்படும் டீசலில் சுமார் 13 சதவீதம் வேளாண்மைக்குச் செல்வதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இயங்கும் திட்டமிடல் மற்றும் ஆய்வுப் பிரிவுக்காக 2013-ல் நடத்தப்பட்ட ஆய்வு தெரிவித்தது. டிராக்டர்கள், பம்ப்செட்டுகள், அறுவடை இயந்திரங்கள் ஆகியவை இதில் அடங்கும். டீசல் விலை உயர்வு நாடாளுமன்றத்தில் எத்தனையோ முறை விவாதிக்கப்பட்டிருக்கிறது. டீசலின் தரம் அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை.

எரிபொருள் கெடுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. விற்பனைச் சங்கிலியில் வேண்டுமென்றே செய்யப்படும் கலப்படம் முதலாவது. சேமிப்பிலும் போக்குவரத்திலும் புகும் தண்ணீரும் தூசியும் இரண்டாவது. நீண்ட நாள் தேங்கிக் கிடக்கும் டீசலில் வளரும் நுண்ணுயிர்கள் மூன்றாவது. முதல் காரணத்துக்குப் பின்னால் அரசின் விலைக் கொள்கையும் அதற்குப் பலியான உயிர்களும் இருக்கின்றன.

விலை வித்தியாசம் செய்த வேலை

ஏழைக் குடும்பங்களின் விளக்குக்கும் அடுப்புக்கும் என்று பொது விநியோகத் திட்டத்தில் மண்ணெண்ணெய் மலிவு விலையில் வழங்கப்பட்டது. 2005-ம் ஆண்டில் தில்லியில் அதன் விலை லிட்டருக்கு ஏறத்தாழ 9 ரூபாய். டீசல் விலை சுமார் 30 ரூபாய். இரண்டும் ஒன்றோடொன்று எளிதில் கலக்கக்கூடியவை. 12 ஆயிரம் லிட்டர் கொள்ளும் ஒரு டேங்கர் லாரியில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் கலந்தால், லிட்டருக்கு 21 ரூபாய் வீதம் ஒரே நடையில் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் லாபம். இந்தக் கணக்கைப் போடுவதற்குப் படிப்பு தேவைப்படவில்லை.

பொது விநியோகத்துக்கு ஒதுக்கப்பட்ட மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 38 சதவீதம் உரியவர்களைச் சென்றடையாமல் திசைமாறுகிறது என்று தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழு 2005-ல் கணித்தது. இதில் ஒரு பகுதி கள்ளச் சந்தையில் மண்ணெண்ணெயாகவே விற்பனையானது. மற்றொரு பகுதி டீசலில் கலந்தது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றப்பட்டும் இது நிற்கவில்லை. நிறத்தை நீக்கும் வழிகளைக் கலப்படக்காரர்கள் கண்டுபிடித்துக்கொண்டனர்.

கிழக்கு உத்தரப் பிரதேசம், பிகார், மேற்கு வங்கம் ஆகிய பகுதிகளில் நிலைமை சற்று வேறானது. அங்கே மின் இணைப்பில்லாத சிறு விவசாயிகள் டீசல் பம்ப்செட்டுகளை நம்பியிருந்தனர். டீசல் விலை கட்டுப்படியாகாதபோது அவர்களே மண்ணெண்ணெயைக் கலந்து இயந்திரத்தை ஓட்டியதும் உண்டு. பேராசையால் கலந்தவரும் வறுமையால் கலந்தவரும் ஒரே விலை வித்தியாசத்தைத்தான் பயன்படுத்தினர். தமக்குத் தெரிந்து கலந்தவர், இயந்திரம் கெட்டால் காரணமாவது அறிந்திருந்தார். பங்கில் முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு அதுவும் தெரியவில்லை.

மண்ணெண்ணெய் டீசலைவிட இளகியது. டீசல் எரிந்து ஆற்றல் தருவதோடு, பம்ப்பிலும் இன்ஜெக்டரிலும் உள்ள உலோகப் பகுதிகள் உராய்ந்து தேயாமல் உயவுப் பொருளாகவும் செயல்படுகிறது. மண்ணெண்ணெய் சேர்ந்தால் அந்த உயவுத்தன்மை குறைகிறது. சேதம் உடனே தெரிவதில்லை. சில மாதங்கள் கழித்து இழுவைத் திறன் குறையும், புகை கூடும், எரிபொருள் செலவு ஏறும். அப்போது எந்தப் பங்கில் எந்த நாளில் வாங்கிய டீசல் காரணம் என்று நிரூபிக்க எவராலும் இயலாது.

இரண்டு அதிகாரிகளின் மரணம்

இந்த வணிகத்தின் வலிமையை நாடு அறிந்தது 2005 நவம்பர் 19 அன்று. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இளம் விற்பனை அதிகாரியான சண்முகம் மஞ்சுநாத், உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். லக்னோ இந்திய மேலாண்மைக் கழகத்தில் பயின்ற அவர், கலப்படம் செய்த பங்குக்கு எதிராக நடவடிக்கை எடுத்ததே கொலைக்குக் காரணம் என்று வழக்கில் நிலைநாட்டப்பட்டது. 2007-ல் விசாரணை நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. 2009-ல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. ஆறு பேரின் ஆயுள் தண்டனையை 2015-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2011 ஜனவரி 25 அன்று, குடியரசு தினத்துக்கு முந்தைய நாள், மகாராஷ்டிர மாநிலம் மன்மாட் அருகே மாலேகாவ் கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனவாணே பட்டப்பகலில் உயிருடன் எரிக்கப்பட்டார். எண்ணெய்க் கிடங்கை ஒட்டி நடந்த எரிபொருள் திருட்டையும் கலப்படத்தையும் கண்டு அவர் விசாரிக்க முயன்றபோது இது நிகழ்ந்தது. அதைக் கண்டித்து மாநிலம் முழுவதும் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர்.

இரு கொலைகளுக்கும் இடையே அரசு சும்மா இருந்துவிடவில்லை. கலப்படத் தடுப்புக்கென 2001-ல் அமைக்கப்பட்ட தனிப் பிரிவு 2004-ல் கலைக்கப்பட்டிருந்தது. மஞ்சுநாத் கொலைக்குப் பிறகு, 2006 அக்டோபர் முதல் மண்ணெண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத அடையாள வேதிப்பொருள் சேர்க்கும் முறை கொண்டுவரப்பட்டது. டீசலில் அந்தப் பொருள் தென்பட்டால் கலப்படம் உறுதி. அந்த அடையாளத்தையும் நீக்கிவிட முடியும் என்று தெரியவந்ததால், 2008-ம் ஆண்டு இறுதியோடு அது கைவிடப்பட்டது. அதன் பிறகு நெடுங்காலம் மிஞ்சியவை பழைய அடர்த்திச் சோதனையும் அதிகாரிகளின் துணிவும்தான்.

அடர்த்திச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. பங்குக்கு வந்த டீசலின் பதிவான அடர்த்திக்கும் சோதனையில் கிடைக்கும் அடர்த்திக்கும் கனமீட்டருக்கு 3 கிலோ வரை வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது. பங்கில் வைத்துக் கலந்தால் இதில் அகப்படலாம். வழியிலேயே, அடர்த்தி பதிவாவதற்கு முன்பே கலந்துவிட்டால் இந்தச் சோதனையால் பயனில்லை.

விலை நெருங்கியது, வழி மாறியது

கலப்படத்தைக் காவல் துறை ஒடுக்கியதைவிட விலைக் கொள்கை மாற்றமே அதிகம் ஒடுக்கியது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழை வீடுகளுக்குச் சமையல் எரிவாயு சென்றது. 2016 ஜூலை முதல் மண்ணெண்ணெய் விலை 25 காசு வீதம் படிப்படியாக உயர்த்தப்பட்டு, 2020 மார்ச்சில் சந்தை விலையைத் தொட்டது. ஹரியானா 2017 ஏப்ரல் முதல் மண்ணெண்ணெய் இல்லாத மாநிலமாக அறிவிக்கப்பட்டது. ஒதுக்கீடும் குறைந்து, மானியமும் மறைந்தபோது, மண்ணெண்ணெய் கலப்பதற்கான பழைய ஆதாயம் பெருமளவு அற்றுப்போனது.

ஆனால் விலை வித்தியாசம் தோன்றும் இடத்தில் கலப்படமும் தோன்றும் என்ற விதி மாறவில்லை. குஜராத்தில் பயோடீசல் என்ற பெயர்ப்பலகையின் கீழ் தொழிற்சாலைகளுக்கான எண்ணெய் வகைகள் வாகன எரிபொருளாக விற்கப்படுவதாகப் புகார்கள் எழுந்து, 2021-ல் மாநில அரசு பரவலாக நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. தாவர எண்ணெயிலிருந்து முறைப்படி தயாரிக்கப்படும் பயோடீசலுக்கு மத்திய அரசு 2019-ல் விற்பனை விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. போலிச் சரக்குக்கும் அசல் சரக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பார்த்து அறிய வழியில்லை.

தண்ணீர் என்னும் எதிரி

வயலில் நிற்கும் இயந்திரங்களில் கலப்படக்காரர் எவரும் இல்லாமலேயே டீசல் கெடுவது உண்டு. பகலில் சூடேறி இரவில் குளிரும் தொட்டியின் வெற்றிடத்தில் காற்றின் ஈரம் துளிகளாகப் படிகிறது. பாதி நிரம்பிய தொட்டியில் இது அதிகம். டீசலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்குகிறது. பங்கின் நிலத்தடித் தொட்டிகளில் மழைக்காலத்தில் நீர் கசிவதும் உண்டு. டேங்கர் லாரி சரக்கை இறக்கிய சற்று நேரத்துக்குள் டீசல் பிடித்தால், கலங்கிய அடிமண்டியும் சேர்ந்து வரும்.

2,500 லிட்டர் வரையிலான டீசலை, எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாத நிலையில், உரிமமின்றி வைத்திருக்க 1934-ம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இடமளிக்கிறது. எனவே பெரிய பண்ணைகளில் பீப்பாய்களில் டீசல் இருப்பு வைப்பது வழக்கம். திறந்தவெளியில் நிமிர்த்தி வைத்த பீப்பாயின் மேல்மூடியில் மழைநீர் தேங்குகிறது. உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது அந்த நீர் மூடித் திருகின் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. மூடி இறுக்கமாக இருந்தும் தண்ணீர் எப்படி வந்தது என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை.

தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்கின்றன. அவை டீசலை உணவாகக் கொள்கின்றன. அமிலத்தையும் கறுப்புப் பாசிபோன்ற கழிவையும் விட்டுச் செல்கின்றன. பில்டரை அடைப்பது அந்தக் கழிவுதான். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஓடி, எஞ்சிய மாதங்கள் கொட்டகையில் நிற்கும் அறுவடை இயந்திரம் இதற்கு ஏற்ற இடம்.

நவீனமாகும் இயந்திரம், மாறாத பீப்பாய்

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் நிலை ஆறு டீசல் விற்கப்படுகிறது. அதில் கந்தகம் 10 பிபிஎம் மட்டுமே. முந்தைய நிலையில் 50 ஆக இருந்தது. நகரங்களின் காற்றுக்கு இது நன்மை. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப மிக உயர்ந்த அழுத்தத்தில் எரிபொருளைப் பீய்ச்சும் மின்னணு அமைப்புகள் அவற்றில் வந்துள்ளன. பழைய இயந்திரம் சகித்துக்கொண்ட தூசியையும் நீரையும் புதிய இன்ஜெக்டர் சகிப்பதில்லை. பழைய பம்ப்பை உள்ளூர்ப் பட்டறையில் சரிசெய்ய முடிந்தது. புதியதைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

2018-ம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க இலக்கு வைத்துள்ளது. சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் ஈர்ப்பது பயோடீசலின் இயல்பு. தொட்டியில் படிந்த பழைய அழுக்கையும் அது கரைத்து பில்டருக்குக் கொண்டுவரும். கலப்பு கூடுந்தோறும் பங்கிலும் பண்ணையிலும் சேமிப்பின் தரம் உயர வேண்டும்.

யாரிடம் கேட்பது?

டீசல் கலப்படம் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் குற்றம். மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. கலப்படம் நிரூபணமானால் முதல் முறையிலேயே பங்கின் உரிமத்தை ரத்து செய்ய எண்ணெய் நிறுவனங்களின் விதிகள் கூறுகின்றன. அடர்த்தியைச் சோதித்துக் காட்டும்படி பங்கில் கேட்பது நுகர்வோரின் உரிமை. காகிதத்தில் எதுவும் குறைவில்லை.

நடைமுறையில், விவசாயி கேன்களில் வாங்குகிறார்; பல நேரங்களில் ரசீது கேட்பதில்லை. பழுது தெரியும் நாளில் வாங்கிய டீசல் தீர்ந்துவிட்டிருக்கும். டிராக்டர் நிறுவனம் எரிபொருள்மீது பழி சொல்லி உத்தரவாதத்தை மறுக்கலாம். பங்க் உரிமையாளர் பீப்பாய்மீது பழி சொல்லலாம். இருவருக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்ல, விவசாயி எளிதில் அணுகக்கூடிய சோதனைக்கூடம் வேண்டும். விதைக்கும் உரத்துக்கும் மண்ணுக்கும் அரசுச் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. டீசலின் தரச் சோதனையோ பெரும்பாலும் அதை விற்கும் நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பிவைப்பது, பீப்பாயைக் கூரையின்கீழ் சாய்த்து வைப்பது, அடியில் உள்ளதைக் கடைசி வரை இறைக்காமல் விடுவது, நீர் பிரிக்கும் கிண்ணத்தை அடிக்கடி வடிப்பது, ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கி ஒரு பாட்டில் மாதிரியை எடுத்து வைப்பது ஆகியவை விவசாயியால் ஆகக்கூடியவை. விற்பவரைச் சாராத மாவட்ட அளவிலான சோதனை வசதியும், கலப்படத்தைத் தடுக்கப் போகும் அதிகாரிக்குப் பாதுகாப்பும் அரசால் மட்டுமே ஆகக்கூடியவை. லக்கிம்பூரிலும் மன்மாட்டிலும் இரண்டு அதிகாரிகள் உயிரைக் கொடுத்துக் காட்டியது இரண்டாவது கடமையின் தேவையை. முதல் கடமைக்கு இன்னொரு உயிர் தேவைப்படக் கூடாது.