தனிநபர் உமிழ்வு ஒப்பீடு: இந்தியா, இலங்கை, கல்வராயன் மலை

ஒரு நாடு ஓராண்டில் வெளியிடும் பசுமை இல்ல வாயுக்களின் மொத்த அளவை அதன் மக்கள்தொகையால் வகுத்துப் பெறுவதே தனிநபர் உமிழ்வு. இது காலநிலை நீதியின் அளவுகோலாக ஏற்கப்பட்டதில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் வெளியிட்ட ஆய்வுநூலுக்குப் பெரும்பங்கு உண்டு. செல்வ நாடுகளின் மகிழுந்துப் புகையையும் ஏழை உழவரின் நெல்வயல் மீத்தேனையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது என்று அவர்கள் வாதிட்டனர்.

படிம எரிபொருள்வழி வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு அண்மைய ஆண்டுகளில் இந்தியாவில் தலைக்கு ஏறத்தாழ 2 டன். இலங்கையில் 1 டன்னை ஒட்டியது. உலகச் சராசரி ஏறத்தாழ 4.7 டன். இரு அயல்நாடுகளின் வேறுபாட்டிற்கு மின்சாரமே முதன்மைக் காரணம். இந்திய மின்னுற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து கிடைக்கிறது. இலங்கையிலோ நீர்மின்சாரத்தின் பங்கு பெரிது. நுரைச்சோலையிலுள்ள 900 மெகாவாட் லக்விஜய நிலையமே அந்நாட்டின் ஒரே நிலக்கரி அனல்மின் நிலையம். இரும்பு, சிமென்ட் போன்ற பெருந்தொழில்களும் அங்குக் குறைவு.

ஆயினும் குறைந்த எண் எப்போதும் நற்குறி அன்று. 2022இல் இலங்கையின் உமிழ்வு சரிந்தது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமையும் நீண்ட மின்வெட்டுமே அச்சரிவைக் கொணர்ந்தன. இந்தியாவின் உமிழ்வு 2020இல் முந்தைய ஆண்டைவிட 7.93 விழுக்காடு குறைந்ததும் பெருந்தொற்று முடக்கக் காலத்தில்தான்.

எவற்றைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதும் ஒப்பீட்டை மாற்றும். இதற்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம் நல்ல சான்று. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் கொதிகலன்களில் கரும்புச் சக்கை எரிகிறது. அதன் கார்பன் டை ஆக்சைடு எரிசக்தித் துறையின் மொத்தத்தில் சேர்வதில்லை. கரும்பு வளர்கையில் காற்றிலிருந்து ஈர்த்ததே திரும்புகிறது என்பது விதி. சமவெளியில் நீர் தேங்கும் நெல்வயல் மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பமூட்டும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 28 மடங்கு. கல்வராயன் மலைச்சரிவில் மானாவாரியாக விளையும் சாமைக்கு நீர்த்தேக்கம் வேண்டா. ஆகவே அம்மீத்தேனும் இல்லை. கார்பன் டை ஆக்சைடை மட்டும் ஒப்பிடும் அட்டவணையில் இவ்வேறுபாடு முற்றிலும் மறைந்துவிடும்.

2024 டிசம்பரில் இந்தியா ஐ.நா. காலநிலை அமைப்பிடம் அளித்த அறிக்கையின்படி, 2020இன் மொத்த உமிழ்வு 295.9 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு நிகரளவு. காடு, விளைநிலம் முதலியவை ஈர்த்துக்கொண்ட 52.2 கோடி டன்னைக் கழித்தால் நிகர உமிழ்வு 243.7 கோடி டன். 140 கோடி மக்களுக்கு வகுத்தால் தலைக்கு 2.1 டன் என்பது 1.7 டன்னாகக் குறைகிறது. காட்டை ஒட்டி வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் சென்னையில் குளிரூட்டிய அறையில் வாழ்வோருக்கும் இக்கழிவு ஒரே அளவில் பகிரப்படுகிறது. கல்வராயன் காடு இந்தியாவின் கணக்கில் வரவாகிறது. அதன் அருகில் வாழ்வோர் பெயரில் தனிப் பதிவு ஏதும் இல்லை.

சராசரியின் இக்குறையைக் கிரீன்பீஸ் இந்தியா 2007இலேயே சுட்டியது: வறியோரின் குறைந்த நுகர்வுக்குப் பின்னால் செல்வரின் உமிழ்வு ஒளிந்துகொள்கிறது என்பது அதன் குற்றச்சாட்டு. நாடுகளுக்கிடையே நியாயம் கேட்கத் தலைக்கணக்கு தக்க கருவியே. இலங்கையோடு ஒப்பிட்டு இந்தியாவை மட்டும் பழிப்பதும் பொருந்தாது, இரண்டுமே உலகச் சராசரிக்குக் கீழுள்ளன. ஆனால் அதே நியாயத்தை நாட்டிற்குள்ளும் கேட்க, உற்பத்தி சார்ந்த தேசியக் கணக்கெடுப்பு போதாது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் குடும்ப நுகர்வுச் செலவுத் தரவுகளை எரிபொருள், மின்சாரம், பயணம் என உமிழ்வாக மாற்றும் முறை உண்டு. அதைக்கொண்டு முதலில் ஒப்பிடத்தக்கவை கள்ளக்குறிச்சியின் சமவெளியும் மலையுமே.