அலாரம் அடித்ததா, அணைந்ததா?

எஸ்.பி.எம். முடித்து, பதினெட்டு வயது நிறைந்த கையோடு நான் சிங்கப்பூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜொகூர் பாருவில் விடியற்காலை நாலரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் காஸ்வே நெரிசலைத் தாண்டி ஏழு மணிக்கு வேலையிடத்தில் நிற்க முடியும். அங்கே என் முதல் வேலை, இரவுக் காவலாளி எழுதி வைத்திருக்கும் பதிவுப் புத்தகத்தைப் படிப்பது. ஏதாவது கோளாறு என்று எழுதியிருந்தால் உடனே பழுதுபார்ப்பவரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

சேர்ந்து மூன்றாவது வாரம். அன்று காலை புத்தகத்தில் ஒரே ஒரு வரி: 'ரூம் 3 அலாரம் வென்ட் ஆஃப், 4.40 ஏ.எம்.'

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு ஆங்கிலம் படித்தவன் நான். அந்த வரியில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் அறை அலாரம் 4.40-க்கு அணைந்துவிட்டது. நல்லது, தொல்லை விட்டது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

பதினொரு மணிக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் மூன்றாம் அறையைத் திறந்தார். "தம்பி, இங்க கொஞ்சம் வா" என்றார். அவர் குரலே சரியில்லை. உள்ளே மீன் பெட்டிகள். பூஜ்யத்திலிருந்து நாலு டிகிரிக்குள் இருக்க வேண்டிய அறை, பதினாலு டிகிரியில் இருந்தது. குளிரூட்டும் இயந்திரம் இரவே நின்றுபோயிருக்கிறது. அலாரம் அலறியிருக்கிறது. காவலாளி சத்தத்தை நிறுத்திவிட்டு, காலையில் வருகிறவன் கவனிப்பான் என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். கதவுக்கு வெளியே வெப்பநிலை காட்டும் கருவி இருந்தது. காலையில் அதை ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை.

மேற்பார்வையாளர் அம்மையார் வந்தார். ஒரு பெட்டியைத் திறந்து, குனிந்து மோந்து பார்த்தார். "திஸ் இஸ் ஆஃப்" என்றார். சொன்னால் சிரிப்பீர்கள்; அந்தப் பதற்றத்தில் நான் சுவரில் சுவிட்சைத் தேடினேன்.

சாயங்காலம் அவர் வேலை அட்டவணையைப் பார்த்தபடி, முகத்தைக்கூட நிமிர்த்தாமல், "யூ ஆர் ஆஃப் டுமாரோ" என்றார். சரி, வேலை போய்விட்டது. செய்த காரியத்துக்கு வேறென்ன நடக்கும்? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "போனாப் போகுது, ரிசல்ட் வரட்டும், சாப்பிடு" என்றார். மறுநாள் முழுக்கத் தூங்கினேன். அதற்கு மறுநாளும் தூங்கிக்கொண்டிருந்தபோது காலை எட்டு மணிக்குத் தொலைபேசி. அதே அம்மையார். ஏன் இன்றைக்கு நீ ஆப்சென்ட் என்று கத்தினார். நேற்று எனக்கு அட்டவணைப்படி விடுமுறை நாள். அவ்வளவுதான் அவர் சொன்னது.

ஒரே ஒரு சொல். மூன்று நாளில் மூன்று முறை என்னைக் கவிழ்த்துவிட்டது.

அடுத்த நாள் தேநீர் நேரத்தில் அந்த அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

"ஏன் தம்பி, ஆஃப்னா நீ என்னன்னு நெனச்ச?"

"அணைக்கிறதுண்ணே."

"சரி. அடின்னா என்ன?"

"கையால அடிக்கிறது."

"அப்போ அலாரம் அடிச்சுச்சுன்னு சொல்றமே, அது யாரு கையால அடிச்சா? மீனு நாத்தம் அடிச்சுச்சு. நீ ஒரு நாளு மட்டம் அடிச்ச. எல்லாம் ஒரே அடிதானே? அதெல்லாம் ஒனக்கு வெளங்குது. அவன் பாஷையில மட்டும் ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தந்தான் இருக்கணுமா?"

பிற்பாடு பல்கலைக்கழகத்தில் மொழியியல் வகுப்பெல்லாம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்தத் தேநீர் மேசையில் கேட்டதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இப்போது மூயெட் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்தும் நான், ஆண்டுதோறும் முதல் வகுப்பை 'அடி' என்ற சொல்லில்தான் தொடங்குகிறேன். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, சுவருக்குச் சாயம் அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம், யாருக்கோ லாட்டரி அடிக்கிறது. தமிழ் படிக்க வரும் ஒரு வெள்ளைக்காரர் 'அடி' என்றால் கையால் அறைவது என்று மட்டும் மனப்பாடம் செய்திருந்தால், வெயில் அடிக்கிறது என்றதும் என்ன பாடுபடுவார்! நான் 'ஆஃப்' விஷயத்தில் பட்ட பாடு அதுதான்.

நான் ஏன் தடுக்கினேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். 'ஆஃப்' எனக்குப் பள்ளிக்கூடத்தில் அறிமுகமான சொல் அல்ல. வீட்டில் அறிமுகமானது. 'லைட்டை ஆஃப் பண்ணு', 'அவன் ஃபோன் ஆஃப்ல இருக்கு' என்று நம் பேச்சில் கலந்து வருகிற சொல். அது தமிழுக்குள் வரும்போது தன்னிடமுள்ள பொருள் அனைத்தையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. சுவிட்சோடு சேர்ந்த பொருளை மட்டும் முதன்மையாகக் கொண்டுவந்தது. நாம் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்துக்குத் திரும்பப் போகும்போதும் அதையே கொண்டு போகிறோம். தெரியாத சொல் என்றால் அகராதியைப் பார்த்திருப்பேன். தெரிந்த சொல் என்பதால்தான் பார்க்கவில்லை.

நம் நாட்டு வகுப்பறைகளில் 'ஆஃப் த ஃபேன்' என்று எழுதுகிற, பேசுகிற பழக்கமும் இதை ஒட்டியதுதான். 'ஆஃப் பண்ணு' என்று நம் மொழியில் அது வினைபோல நடக்கிறது. ஆகவே ஆங்கிலத்திலும் அதைத் தனியாக வினையாக்கிவிடுகிறோம். பேச்சில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தேர்வுத்தாளில் 'டர்ன் ஆஃப்' அல்லது 'சுவிட்ச் ஆஃப்' என்று எழுதினால்தான் மதிப்பெண். அதோடு, கொச்சை ஆங்கிலத்தில் 'ஆஃப்' வெறும் வினையாக வந்தால் ஒருவரைக் கொல்வது என்று பொருள். 'அவரை ஆஃப் செய்தார்கள்' என்று ஒரு அமெரிக்கப் படத்தில் வந்தால் அது மின்விசிறி விஷயமல்ல.

சரி, இந்தச் சொல்லுக்கு அடிப்படை என்று ஒன்று உண்டா? உண்டு. விலகுதல், அகலுதல். பழைய ஆங்கிலத்தில் 'ஆஃப்', 'ஆவ்' இரண்டும் ஒரே சொல். அழுத்திச் சொன்னபோது ஒன்றாகவும் அழுத்தாமல் சொன்னபோது வேறாகவும் ஒலித்து, காலப்போக்கில் இரண்டு எழுத்துக்கூட்டலாகப் பிரிந்துவிட்டன. லத்தீனில் 'அப்', கிரேக்கத்தில் 'அப்போ' என்பவை இதற்கு உறவுச் சொற்கள். 'ஆப்சென்ட்' என்ற சொல்லின் முதல் அசையில் இருப்பது அந்த லத்தீன் 'அப்' தான்: விலகி இருத்தல். மேற்பார்வையாளர் அன்று என்னை ஆப்சென்ட் என்று கத்தியபோது அவர் பயன்படுத்தியதும் அதே குடும்பத்துச் சொல் என்பது எனக்குப் பல ஆண்டு கழித்துத்தான் தெரியும். (ஆபீஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது வேறு வேர். வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.)

விலகுதல் என்ற சாவியைக் கையில் வைத்துக்கொண்டால் பல பூட்டு திறக்கும். வேலையிலிருந்து விலகியிருக்கும் நாள் 'டே ஆஃப்'. விமானம் தரையை விட்டு விலகுவது 'டேக் ஆஃப்'. திரங்கானு கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகள் கரையை விட்டு விலகியிருப்பதால் 'ஆஃப்ஷோர்'. 'ட்வென்டி பெர்சென்ட் ஆஃப்' என்றால் விலையிலிருந்து இருபது விழுக்காடு விலகுகிறது. எண்பது நாம் கொடுக்க வேண்டும். சீனக் கடைகளில் 8 என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சீன எழுத்துப் போட்டிருப்பார்கள். அதுவும் இதே கழிவுதான். ஆனால் அவர்கள் கொடுக்க வேண்டிய பங்கைச் சொல்கிறார்கள், ஆங்கிலேயர் விலகும் பங்கைச் சொல்கிறார்கள். எண்பது விழுக்காடு கழிவு என்று எண்ணி ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

பெற்றோரிடமிருந்து கிளைத்து வருவதால் பிள்ளைகள் 'ஆஃப்ஸ்பிரிங்'. எங்கள் கிடங்கில் 'ஆஃபல்' என்று அச்சிட்ட பெட்டிகள் வரும்: ஈரல், குடல் வகையறா. வெட்டும்போது 'விலகி விழுவது' என்பதே அந்தச் சொல்லின் பிறப்பு. மோசம் என்று பொருள்படும் 'ஆஃபுல்' போலக் கேட்பதால், கெட்டுப்போன இறைச்சியை ஏன் பெயர் போட்டு விற்கிறார்கள் என்று நான் வெகுநாள் குழம்பியிருக்கிறேன்.

எல்லாப் பூட்டும் இந்தச் சாவிக்குத் திறக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'வெல் ஆஃப்' என்றால் வசதியானவர். அவர் எதை விட்டு விலகினார் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்னைக் கவிழ்த்த அந்த 'வென்ட் ஆஃப்'. நான் அப்படிப் படித்ததும் முழு முட்டாள்தனமில்லை. 'த லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்குகள் அணைந்தன என்றுதான் பொருள். அதே இரண்டு சொல்லோடு எழுவாயை மட்டும் மாற்றிப் பாருங்கள். 'த மில்க் வென்ட் ஆஃப்': பால் கெட்டுப்போனது. 'ஹி வென்ட் ஆஃப்': அவர் கிளம்பிப் போனார். 'ஐ வென்ட் ஆஃப் காஃபி': எனக்குக் காப்பி பிடிக்காமல் போய்விட்டது. 'த பாம் வென்ட் ஆஃப்': குண்டு வெடித்தது. 'த அலாரம் வென்ட் ஆஃப்': அலாரம் அடித்தது. விளக்கில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றது. பால் நல்ல நிலையை விட்டு விலகியது. குண்டிலும் அலாரத்திலும் அடக்கி வைத்திருந்த ஒன்று பிடியை விட்டு விலகிப் பாய்ந்தது. ஆகவே 'ஆஃப்' வந்தால் அதை மட்டும் பார்க்காதீர்கள். முன்னால் என்ன வினை, அதற்கு எழுவாய் எது என்று சேர்த்துப் பாருங்கள். மலாயிலும் தமிழிலும் அலாரம் ஒலித்தது என்றால் ஒலித்ததுதான், அதில் குழப்பமில்லை. ஆங்கிலம் இப்படி எழுவாயிடம் பொறுப்பைத் தள்ளிவிடும்.

வினை மாறினாலும் இதே ஆபத்து. 'புட் ஆஃப்' என்றால் ஒத்திவைப்பது. 'கால் ஆஃப்' என்றால் அடியோடு கைவிடுவது. என் மாணவி ஒருத்திக்கு உபகாரச் சம்பள நேர்காணல் 'கால்ட் ஆஃப்' என்று மின்னஞ்சல் வந்தது. ஒத்திவைத்திருக்கிறார்கள் போலும் என்று நினைத்து, புதிய தேதி வரும் வரும் என்று ஐந்து வாரம் காத்திருந்தாள். அதற்குள் வேறு இரண்டு உபகாரச் சம்பளங்களுக்கு விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது. என்னிடம் அந்த மின்னஞ்சலைக் காட்டியபோது அவளுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை எனக்கு. அவள் பள்ளியில் ஆங்கிலத்தில் 'ஏ' எடுத்தவள்.

'பே ஆஃப்' கடனை அடைப்பதாகவும் இருக்கலாம், உழைப்புக்குப் பலன் கிடைப்பதாகவும் இருக்கலாம், வாயை மூட லஞ்சம் கொடுப்பதாகவும் இருக்கலாம். 'லேய்ட் ஆஃப்' என்றால்தான் ஆட்குறைப்பில் வேலை போனது. அன்று அம்மையார் அதைச் சொல்லியிருந்தால் நான் இரண்டு நாள் தூங்கியது நியாயம்.

இதற்குப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். 'ரன்' என்ற ஒரு வினைக்கு மட்டும் ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதி 645 பொருள்கள் தருகிறது; யாரால் முடியும்? நான் மாணவர்களுக்குச் சொல்வது, குறிப்பேட்டில் பொருளை எழுதாமல் நீங்கள் கண்ட வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். 'ஆஃப்: அணைத்தல்' என்று எழுதி வைத்தால் என் கதிதான். 'பால் ஆஃப்', 'அலாரம் ஆஃப்', 'திருமணம் ஆஃப்' என்று வாக்கியங்களாகச் சேர்த்தால் பத்தாவது வாக்கியத்தில் சொல்லின் போக்கு தானாகப் பிடிபடும். அகராதியிலும் முதல் பொருளோடு மூடிவிடாதீர்கள். கீழே எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கும் இடம்வரை போங்கள். குறிப்பாக, தெரியும் என்று நினைக்கிற சின்னச் சொற்களுக்கு.

நான் அந்தக் கிடங்கில் மேலும் எட்டு மாதம் இருந்தேன். கெட்ட மீனுக்கு என் சம்பளத்தில் பிடிக்கவில்லை. அம்மையார் அதைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை. இரவுக் காவலாளி கடைசிவரை 'வென்ட் ஆஃப்' என்றுதான் எழுதினார். அவர் எழுதியது சரியான ஆங்கிலம், மாற்றச் சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் எனக்குப் பிறகு காலை வேலைக்கு வந்த பையன் குளுவாங்கைச் சேர்ந்தவன், என்னைப் போலவே தமிழ்ப்பள்ளியில் படித்தவன். அவனுக்காக, கிளம்புவதற்கு முந்தைய வாரம் அந்தப் புத்தகத்தில் 'வென்ட் ஆஃப்' வந்த இடத்திலெல்லாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன மணிப் படம் வரைந்து வைத்தேன்.