சிவகாசி முதல் ஈரோடு வரை: தமிழ்ச் சித்திரக்கதை, அறிபுனைவு வாசகர் ஒன்றுகூடலின் வளர்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

சித்திரக்கதை வாசகரும் அறிபுனைவு வாசகரும் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடுவது மேலைநாடுகளிலும் சப்பானிலும் நெடுங்கால வழக்கமாகும். தமிழ்நாட்டில் அத்தகைய கூட்டம் ‘மாநாடு’ என்னும் பெயரில் தோன்றவில்லை. இதழ்களின் கடிதப் பகுதி, பழைய புத்தகக் கடை, புத்தகத் திருவிழா அரங்கு என்னும் மூன்று நிலைகளைக் கடந்தே அது உருப்பெற்றது. அவ்வளர்ச்சியை இக்கட்டுரை விளக்குகிறது. ஒன்றுகூடலில் கலந்துகொள்வோரே இத்துறையின் ஆவணக் காப்பாளராகவும் விளங்குவதையும், காரிமங்கலம் போன்ற சிற்றூர் வாசகருக்கு இவ்வமைப்பில் உள்ள இடத்தையும் இது சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: சித்திரக்கதை, அறிபுனைவு, வாசகர் ஒன்றுகூடல், மொழிபெயர்ப்பு, ஆவணப்படுத்தல்

முன்னுரை

தமிழ் இதழியல் வரலாற்றில் சித்திரக்கதை இதழ்கள் பெரும்பாலும் சிறுவர் இலக்கியத்தின் ஒரு கிளையாகவே வைத்து எண்ணப்பட்டு வந்துள்ளன. எனினும் 1970களிலும் 1980களிலும் அவ்விதழ்களைப் படித்த சிறுவர் பலர், நடுவயதைக் கடந்த பின்னும் அவற்றின் வாசகராகத் தொடர்கின்றனர். ஒருவகை இலக்கியம் தன் வாசகரை நாற்பது ஆண்டுக்காலம் தக்கவைத்துக்கொள்ளுமாயின், அதற்குக் கதைகளின் சுவை மட்டும் காரணமாக இருக்க முடியாது. வாசகர் தம்முள் கொண்ட தொடர்பும் காரணமாகும். அத்தொடர்பு வளர்ந்த முறையே இங்கு ஆராயப்படுகிறது.

பிறநாட்டு முன்னோடிகள்

1926-இல் அமெரிக்காவில் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழ், வாசகர் கடிதங்களை அவர்தம் முகவரியுடன் வெளியிட்டது. முகவரி கிடைத்ததும் வாசகர் தமக்குள் நேரடியாக எழுதிக்கொள்ளலாயினர். 1934-இல் அவரே தொடங்கிய அறிபுனைவுக் கழகம் கிளைகளைப் பெற்றது. அவற்றுள் ஒன்றான இங்கிலாந்தின் லீட்ஸ் கிளை, 1937 சனவரியில் நடத்திய கூட்டம் முன்னறிவிப்புடன் கூடிய முதல் அறிபுனைவு மாநாடுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1939-இல் நியூயார்க்கில் முதல் உலக அறிபுனைவு மாநாடு கூடியது.

சித்திரக்கதைக்கான மாநாடுகள் இவற்றுக்குப் பின்னரே தோன்றின. 1970 ஆகஸ்டில் சாண்டியாகோவில் நடந்த மூன்று நாள் கூட்டத்திற்கு ஏறத்தாழ 300 பேரே வந்தனர். 1975 டிசம்பரில் தோக்கியோவில் தொடங்கிய ‘கோமிக்கெட்’ சந்தையில் 32 குழுக்களும் ஏறத்தாழ 700 பேரும் மட்டுமே பங்குகொண்டனர். இன்று இவ்விரண்டும் பல்லாயிரக்கணக்கானோரை ஈர்க்கின்றன. இவ்வரலாற்றிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. கூட்டத்திற்கு முன்னே கடிதம் நின்றது என்பது ஒன்று. தொடக்கத்தின் சிறுமையைக் கொண்டு ஒரு கூட்டத்தின் தன்மையை அளவிடலாகாது என்பது மற்றொன்று.

தமிழ்ச் சித்திரக்கதையும் அறிபுனைவும்

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்து எஃகுக் கை பொருத்தப்பெற்ற ஒருவன், மின்சாரம் தன் உடலிற் பாயும்போது அக்கை மட்டும் புலப்பட மறைந்துபோகிறான் என்பது அக்கதையின் அடிப்படை. 1962-இல் பிரித்தானிய வார இதழான ‘வேலியண்ட்’டில் தொடங்கிய ‘ஸ்டீல் கிளா’ என்னும் தொடரே இதன் மூலமாகும்.

1984-ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்பமாகும். அவ்வாண்டு சூலையில் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் சிவகாசியில் தோன்றியது. அதே காலத்தில் தினத்தந்தி நிறுவனத்தின் ராணி காமிக்ஸும் வெளிவரலாயிற்று. ராணி காமிக்ஸ் 500 இதழ்களை வெளியிட்டு 2005-இல் நின்றது. லயன் காமிக்ஸோ ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி முதலியோரைத் தமிழ்ச் சிறுவர்க்கு நெருக்கமானவராக்கியது. காலத்தைக் கடந்து செல்லும் கோட்டையில் ஆர்ச்சி மேற்கொண்ட பயணங்கள், கால இயந்திரம் என்னும் கருத்தை எளிய முறையில் அறிமுகப்படுத்தின.

எனவே, ‘சித்திரக்கதை வாசகர்’, ‘அறிபுனைவு வாசகர்’ என்னும் பகுப்பு தமிழ்ச் சூழலில் முழுமையாகப் பொருந்துவதில்லை. ‘என் இனிய இயந்திரா’ முதலிய தொடர்களால் சுசாதா அறிபுனைவை வெகுமக்கள் வாசிப்பில் நிலைபெறச் செய்வதற்கு முன்பே, மாயாவியின் வழியாக அதன் அடிப்படைக் கற்பனைகள் சிறுவரிடம் சென்று சேர்ந்திருந்தன.

முதல் நிலை: கடிதப் பகுதி

சிவகாசி இதழ்களில் ஆசிரியர் வாசகரோடு உரையாடும் பகுதியும் வாசகர் கடிதப் பகுதியும் கதைக்கு இணையான ஈர்ப்பைப் பெற்றன. அடுத்து வரவிருக்கும் கதை, அச்சுத்தரம், விலை, மொழிநடை, நாயகர் தேர்வு ஆகிய அனைத்தும் அங்கு விவாதிக்கப்பட்டன. ஊர்ப்பெயருடன் வெளியான கடிதங்கள், தன் ஊரில் தான் ஒருவன் மட்டுமே இக்கதைகளைப் படிக்கிறான் என்று எண்ணிய சிறுவனுக்கு, வேறோர் ஊரில் தன்னைப் போன்ற இன்னொருவன் உண்டு என்பதை உணர்த்தின. லீட்ஸ் கூட்டத்திற்கு முன் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ ஆற்றிய பணியை ஒத்தது இது. உடல் கூடாத இக்கூட்டமே பின்னாளைய ஒன்றுகூடலுக்கு வித்தாக அமைந்தது எனலாம்.

இரண்டாம் நிலை: பழைய புத்தகக் கடை

சித்திரக்கதை இதழ்கள் படித்தபின் கைமாறும் இயல்புடையன. கடைவிற்பனை முடிந்ததும் அவை பழைய புத்தகக் கடைகளையும் நடைபாதைக் கடைகளையும் எடைக்குப் போடும் கடைகளையும் சென்றடைந்தன. விடுபட்ட இதழைத் தேடிச் சென்றவர் அக்கடைகளிலேயே தம்மையொத்த தேடலுடையோரைக் கண்டனர். இரட்டைப்படியைக் கொடுத்து இல்லாததைப் பெறுதல், அட்டை கிழிந்த இதழை அதன் கதையைக் கொண்டு அடையாளம் காணுதல், வெளியீட்டு எண் வரிசையைச் சரிபார்த்தல் ஆகிய பழக்கங்கள் இவ்வாறு வளர்ந்தன. நூலியல் துறை அறிஞர் மேற்கொள்ளும் பணியை, அப்பெயர் அறியாமலே வாசகர் மேற்கொண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாம் நிலை: புத்தகத் திருவிழா

2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் சிவகாசி வெளியீடுகள் இடைவெளிவிட்டே வந்தன. தொலைக்காட்சியின் பெருக்கம், கடைவிற்பனையின் சரிவு ஆகியவை சிறுவர் இதழ்கள் அனைத்தையும் பாதித்த காலம் அது. 2012-இன் தொடக்கத்தில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ வெளிவந்ததிலிருந்து மறுமலர்ச்சி தொடங்குகிறது. நல்ல தாள், வண்ண அச்சு, உயர்ந்த விலை, வரையறுத்த படிகள், ஆண்டுச் சந்தா என விற்பனை முறையே மாற்றமடைந்தது. பெட்டிக்கடையில் தொங்கிய இதழ், அஞ்சலிலும் கூரியரிலும் வீடு தேடி வரும் நூலாயிற்று.

இம்மாற்றம் ஓர் எதிர்பாராத விளைவை ஏற்படுத்தியது. கடையில் இதழ் கிடைக்காததால், வாசகர் ஒருவரையொருவர் தற்செயலாகக் காணும் வாய்ப்பு மறைந்தது. அவ்விடத்தை நிரப்பியது புத்தகத் திருவிழா அரங்கு. சென்னைப் புத்தகக் காட்சியை அடுத்து, இவ்வகையில் சிறப்பிடம் பெற்றது ஈரோடு. மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆகஸ்டு மாதத்தில் நடத்திவரும் ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி, லயன்–முத்து வாசகர் சந்திப்பு நிகழ்வது வழக்கமாயிற்று. சேலம், கோவை, கரூர், நாமக்கல், தருமபுரி ஆகிய ஊர்களிலிருந்து எளிதில் வந்துசேரத்தக்க இருப்புப்பாதைச் சந்திப்பாக ஈரோடு அமைந்திருப்பது இதற்குத் துணைசெய்தது.

இச்சந்திப்பின் செயற்பாடுகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, வெளியீடு. சிறப்பிதழ்களை வாசகர் முன்னிலையில் வெளியிடுவது ‘அரங்கேற்றம்’ பெறும் தமிழ் மரபை நினைவூட்டுகிறது. ‘இரத்தப் படலம்’ வண்ணத் தொகுப்பு 2018-இல் ஈரோட்டில் வெளியிடப்பட்டமை இதற்குச் சான்று. இரண்டாவது, திட்டமிடல். எந்தத் தொடரை மறுபதிப்பாகக் கொணர்வது, எதனை வண்ணத்தில் வெளியிடுவது என்பவற்றில் வாசகர் கருத்துக்கு இடமுண்டு. ‘மின்னும் மரணம்’ போன்ற பெருந்தொகுப்புகள் முன்பதிவின் துணையால் இயன்றவை. ஆதலின் வாசகர் நுகர்வோராக மட்டும் நிற்பதில்லை, முன்பணம் அளித்து நூலை இயலச்செய்யும் புரவலராகவும் ஆகின்றனர். மூன்றாவது, மொழி குறித்த விவாதம். ‘புளூபெர்ரி’ தமிழில் ‘கேப்டன் டைகர்’ ஆனதும், ‘XIII’ என்னும் தொடர் ‘இரத்தப் படலம்’ ஆனதும் வெறும் பெயர் மாற்றங்கள் அல்ல. பெல்ஜிய, பிரெஞ்சு, இத்தாலியக் கதைகள் தமிழ் வாசிப்பு மரபுக்குள் குடியேறிய வழிகள் அவை. பேச்சுநடையா எழுத்துநடையா, மூலத்திற்கு நெருக்கமா தமிழுக்கு இயல்பா என்னும் வினாக்கள், மொழிபெயர்ப்பியல் வகுப்பறைக்கு வெளியே இங்கு ஆர்வத்துடன் பேசப்படுகின்றன.

வேலூரும் சென்னையும்

அறிபுனைவுக்கெனத் தமிழ்நாட்டில் தனி அமைப்பு தோன்றாமல் இல்லை. 1998 சனவரியில் வேலூரில் இந்திய அறிபுனைவு ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. அதன் மாநாடுகள் கல்விசார் கருத்தரங்குகளாக, பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தன. இதனால் ஒரு பிளவு ஏற்பட்டது. அறிபுனைவு கருத்தரங்க மேடைக்குச் சென்றது. சித்திரக்கதை புத்தகத் திருவிழா அரங்கில் நின்றது. மாயாவியையும் ஆர்ச்சியையும் படித்து வளர்ந்தவர், வேலூரில் தமக்கும் இடமுண்டு என்பதை அறியும் வாய்ப்புக் குறைவாகவே இருந்தது. ஆய்வாளரும் சித்திரக்கதையை அறிபுனைவின் தமிழ் முகமாகப் பரவலாகக் கருதவில்லை.

மறுபுறம், 2011-இல் தில்லியில் தொடங்கிய ‘காமிக் கான் இந்தியா’ 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்திற்கு வந்தது. கதைமாந்தர் உடையணிந்து வருதல், திரைப்பட, விளையாட்டு நிறுவனங்களின் காட்சியரங்குகள், நினைவுப் பொருள் விற்பனை ஆகியன அதன் இயல்புகள். அது நாயகரின் உருவத்தை நடுவாகக் கொண்டது. ஈரோட்டுச் சந்திப்போ நூலை நடுவாகக் கொண்டது. முன்னது இளைஞரைப் பெருமளவில் ஈர்க்கிறது. பின்னது நெடுநாள் வாசகரைப் பிணைத்து வைக்கிறது. ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது ஆய்வுக்குப் பொருந்தாது. ஆயினும், ஈரோட்டு மரபு தன் அடுத்த தலைமுறையைக் கண்டடையாவிடில் அதன் எதிர்காலம் ஐயத்திற்குரியதாகும்.

காரிமங்கலத்திலிருந்து நோக்குதல்

பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையில், தருமபுரிக்கு வடக்கே அமைந்த வட்டத் தலைநகர் காரிமங்கலம். வாரச்சந்தையும் மலைமேல் அருணேசுவரர் கோயிலும் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் உடைய இத்தகைய ஊர்களே, மேற்கூறிய மாற்றங்களின் உண்மையான தாக்கத்தை அளந்தறிய உரிய இடங்கள். பேருந்து நிலையக் கடை வழியே வந்த இதழ் மறைந்தபின், சிற்றூர்ச் சிறுவர் ஒருவர் சித்திரக்கதையைத் தற்செயலாகக் கண்டெடுக்க வழியில்லை. சந்தா கட்டுபவர் முன்னரே வாசகராக இருப்பவர். புதிய வாசகரைச் சந்தா உருவாக்குவதில்லை.

இந்நிலையில் மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள் முதன்மை பெறுகின்றன. 2022-க்குப் பின் தமிழக அரசு எல்லா மாவட்டங்களிலும் இவற்றை நடத்த முன்வந்தது. தருமபுரியில் தகடூர் புத்தகப் பேரவையின் பங்களிப்பும் இதில் உண்டு. இத்திருவிழாக்களுக்குப் பள்ளி மாணவர் அழைத்துவரப்படுகின்றனர். அங்கு ஒரு சித்திரக்கதை அரங்கு இடம்பெறுமாயின், பெட்டிக்கடை முன்பு ஆற்றிய பணியை அது ஆண்டுக்கொருமுறையேனும் ஆற்றக்கூடும்.

இம்மாவட்டம் நடுகற்களால் பெயர்பெற்றது. தருமபுரி அருங்காட்சியகம் அவற்றுள் பலவற்றைக் காத்துவருகிறது. வீரனின் உருவமும் அவன் வீழ்ந்த நிகழ்ச்சியைக் கூறும் எழுத்தும் ஒரே கல்லில் இணைந்து நின்று பொருள் தருவதை அவற்றிற் காணலாம். நடுகல்லிலிருந்து சித்திரக்கதை தோன்றியது என்பது பிழையான கூற்றாகும். ஆனால், உருவத்தையும் எழுத்தையும் சேர்த்துப் படிக்கும் பயிற்சி இம்மண்ணுக்குப் புதிதன்று என்று கூறுவதில் தவறில்லை.

முடிவுரை

தமிழ்ச் சித்திரக்கதை வாசகரின் ஒன்றுகூடல், பிறநாட்டு மாநாடுகளின் நகலாகத் தோன்றியதன்று. கடிதத்தில் தொடங்கிப் பழைய புத்தகக் கடையில் வளர்ந்து புத்தகத் திருவிழாவில் நிலைபெற்றது. அதன் வலிமை நூலின்மீதுள்ள பற்று; அதன் மெலிவு புதிய வாசகர் வரவின்மை.

இங்குக் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. பழைய சித்திரக்கதை இதழ்களின் வரிசையையும் பதிப்பு வேறுபாடுகளையும் நன்கறிந்தோர் இச்சந்திப்புகளுக்கு வரும் வாசகரே. மட்கும் தாளில் அச்சான அவ்விதழ்கள் அவர்தம் வீட்டு அலமாரிகளில்தான் பெரிதும் எஞ்சியுள்ளன. உரியவர் மறைந்தபின் அவை மீண்டும் எடைக்கே போகக்கூடும். தமிழ்த்துறைகள் ஒன்றுகூடல்களுக்குச் சென்று, வெளியீட்டு அட்டவணை தொகுத்தல், இதழ்களை மின்படியாக்குதல், வாசகரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்தல் ஆகியவற்றைத் தாமதமின்றி மேற்கொள்ள வேண்டும். வேலூரில் பிரிந்த அறிபுனைவு ஆய்வும் ஈரோட்டில் கூடும் சித்திரக்கதை வாசிப்பும் ஒன்றையொன்று சந்திப்பதற்கு அதுவே தகுந்த வழியாகும்.