விரல் வெளுத்தால் மறைக்காதீர்கள்

1918இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் அகழ்விடங்களில், காற்றழுத்தச் சுத்தியல் பிடித்த தொழிலாளரின் கைகளை வைத்தியர் அலிஸ் ஹமில்ரன் ஆராய்ந்தார். குளிரில் அவர்தம் விரல்கள் இரத்தமற்று வெளுத்து விறைத்தன. கருவியின் அதிர்வு நுண்ணிய இரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் பழுதாக்குவதே காரணம்.

இன்று கொங்கிறீற் உடைக்கும் எம்மவர் இவ்வெளுப்பை வெறுங்குளிரென்று எண்ணிவிடக்கூடும். வதிவிட அனுமதி கிடைக்குமுன் வேலை பறிபோகுமோ என்ற அச்சம் வேறு. அது நாம் அறியாததல்ல. ஆயினும் ஆரம்பத்திலேயே அதிர்வைத் தவிர்த்தால் விரல் தேறக்கூடும். நாட்பட்டால் சட்டைப் பொத்தான் பூட்டுவதும் அரிதாகும்.

ஜேர்மனியின் தொழில்நோய்ப் பட்டியலில் இதற்கு 2104ஆம் இலக்கம் உண்டு. பிரித்தானியாவின் 2005ஆம் ஆண்டு விதிகள் அதிர்வைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை முதலாளிமீதே சுமத்துகின்றன. கையுறை சூடு தரும். அதிர்வைத் தடுக்குமென நம்பவேண்டாம். எக்கருவி, நாளுக்கு எத்தனை மணி, எந்த விரல் எனக் குறித்துவைத்து வைத்தியரிடம் காட்டுமாறு வேண்டுகின்றோம்.